பாக்ஸ்டர் காரைக் குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது பேட்டரியைக் கழற்றி வைக்கலாமா?

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே வசிக்கும் நண்பர் ஒருவர் 2008-ஆம் ஆண்டுத் தயாரிப்பான போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றைப் பழைய காராக வாங்கியிருக்கிறார். எண் பலகை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் செல்லுபடியாகும் பருவகாலப் பலகை. அடுக்ககத்தின் நிலத்தடி நிறுத்துமிடத்தில் இடம் இருக்கிறது, ஆனால் மின் இணைப்பு இல்லை. எனவே ஐந்து மாதங்களுக்குப் பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாமா, அதனால் காருக்குத் தீங்கு வருமா, எதை எதற்குப் பின் செய்ய வேண்டும், ஜனவரியில் வரும் கட்டாய வாகனத் தகுதிச் சோதனைக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். 987 என்ற எண்ணால் குறிக்கப்படும் இதே தலைமுறை பாக்ஸ்டரைப் பல குளிர்காலங்கள் இப்படியே நிறுத்தி எடுத்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தாராளமாகக் கழற்றலாம், காருக்குத் தீங்கு இல்லை. ஆனால் இந்தக் கார் தன்னுடைய முன் டிக்கியைத் திறப்பதற்கே மின்சாரத்தை நம்பியிருக்கிறது, பேட்டரியோ அந்த டிக்கிக்குள்தான் இருக்கிறது. ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, மின்சாரம் தேவைப்படும் வேலைகள் அனைத்தும் முடிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் நான் முதலில் வலியுறுத்துவேன். நிறுத்துமிடத்தில் ஒரு பிளக் பாயின்ட் கிடைத்திருந்தால் பேட்டரியைக் கழற்றவே வேண்டாம், பராமரிப்புச் சார்ஜர் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்த வசதி இல்லாததால் கழற்றுவதே சரியான வழி.

அப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பூட்டி நிறுத்திய நிலையிலும் திருட்டு எச்சரிக்கை அமைப்பு, ரிமோட் சாவியின் சமிக்ஞையை எதிர்பார்த்திருக்கும் பகுதி, கடிகாரம் முதலியவை சிறிதளவு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அது 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி ஆகிறது. நவம்பர் முதல் மார்ச் முடிய 151 நாட்களுக்கு ஏறத்தாழ 109 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் அவ்வளவு இருக்கவே இருக்காது. வெறுமையாகிவிட்டதே என்று மறுபடி ஏற்றிக்கொள்வதோடும் இது முடியாது. ஈய-அமில பேட்டரி மின்னேற்றம் குறைந்த நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தட்டுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் படிகமாகிறது. அப்படிப் படிந்தது பின்னர் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் முழுமையாகக் கரைவதில்லை. வசந்தத்தில் உயிர்பெற்றதுபோல் தெரிந்து, அடுத்த குளிரில் கைவிடும் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். காரைத் திறந்த கொட்டகையில் நிறுத்துபவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. முழுமையாக ஏற்றிய பேட்டரியின் அமிலக் கரைசல் ஐரோப்பியக் குளிரில் உறைவதில்லை. ஆனால் வெறுமையான பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போயிருப்பதால் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி அளவிலேயே உறைந்து, ஓடு பிளந்துவிடக்கூடும்.

இனி அந்த முன் டிக்கி விஷயம். என் முதல் குளிர்காலத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு மாலை, பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கருவிகளைப் பையில் போட்டுவிட்டு, பழக்கத்தில் டிக்கி மூடியைத் தாழ்த்தி இரண்டு கைகளாலும் அழுத்தினேன். 'டக்' என்று கொக்கி பிடித்துக்கொண்ட ஓசை கேட்ட கணத்திலேயே என்ன செய்துவிட்டேன் என்பது புரிந்துவிட்டது. கதவுக்கருகே டிக்கியைத் திறக்கும் பொத்தானை இழுத்தேன், ரிமோட் சாவியை அழுத்தினேன், எதற்கும் அசைவில்லை. அந்தக் கொக்கியை விடுவிப்பது ஒரு சிறிய மின்மோட்டார். அதற்கு மின்சாரம் தர வேண்டிய பேட்டரியோ என் காலடியில் இருந்தது.

இதற்கு வழி காரிலேயே இருக்கிறது, கையேட்டிலும் எழுதியிருக்கிறது. முதலில் சாவியின் உலோகப் பகுதியைக் கொண்டு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்க வேண்டும். இடப்பக்கக் கால்வைக்கும் இடத்தின் ஓரத்தில் ஃபியூஸ் பெட்டியின் மூடி இருக்கிறது. அதை எடுத்தால், உள்ளே நேர்மின் முனை ஒன்று வெளியே இழுக்கும்படியாக அமைந்திருக்கும். வேறொரு 12 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்புக் கம்பியால் அதனுடன் இணைத்து, எதிர்முனையைக் கறுப்புக் கம்பியால் கதவுச் சட்டத்தில் பெயின்ட் படாத உலோகக் கொண்டியில் தொட வைத்தால், மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் கிடைத்துவிடும். காரைப் பூட்டியிருந்தீர்களானால் அந்த நொடியில் எச்சரிக்கை ஹாரன் அலறும். ரிமோட்டை அழுத்தினால் அடங்கும். பிறகு டிக்கியைத் திறந்துவிட்டு, முதலில் கறுப்பையும் அதன்பின் சிவப்பையும் எடுத்து, இழுத்த முனையை மறுபடி உள்ளே தள்ளிவிட வேண்டும். இந்த முனை கொக்கியை விடுவிப்பதற்கு மட்டுமே ஏற்பட்டது. மெல்லிய கம்பியின் வழியே செல்லும் அந்த இணைப்பைக் கொண்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒருபோதும் முயலாதீர்கள்.

இந்தச் சிரமமே வேண்டாம் என்றால் டிக்கி மூடியைக் கொக்கியில் பிடிக்கவிடாமல் வைப்பதுதான் எளிய வழி. மடித்த துண்டு ஒன்றைக் கொக்கியின் மேல் வைத்து, மூடியை அதன் மீது மெதுவாகத் தளர்த்திவிடுவேன். அதற்கு மேல் கார் உறையைப் போர்த்தினால் மூடி பூட்டப்படாமல் இருப்பது வெளியே தெரியாது. பூட்டிய வாயிலுள்ள நிலத்தடி நிறுத்துமிடத்துக்கு இது போதும். பொது மக்கள் நடமாடும் இடமென்றால் டிக்கியை மூடிவிட்டு, வசந்தத்தில் மேலே சொன்னபடி திறந்துகொள்ளுங்கள். ஆனால் அப்போது கைவசம் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி இருக்க வேண்டும் என்பதை இப்போதே குறித்து வையுங்கள்.

கழற்றுவதற்கு முன்னால் முடிக்க வேண்டியவற்றில் முதன்மையானது கடைசி ஓட்டம். இன்ஜின் ஆயில் நன்றாகச் சூடாகும் அளவுக்கு, நீர்ச்சூட்டு முள் நிலைபெற்ற பிறகும் கால் மணி நேரத்துக்குக் குறையாமல், உலர்ந்த சாலையில் ஓட்டுங்கள். ஆயிலிலும் புகைபோக்கியிலும் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போவது அப்போதுதான். ஒரு கோடை முழுவதும் ஓடிய ஆயிலில் எரிதலின் மிச்சமான அமிலங்களும் நீரும் கலந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுபவராக இருந்தால் அதை வசந்தத்துக்குத் தள்ளாமல் நிறுத்துவதற்கு முன்பே செய்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. பெட்ரோல் தொட்டியை நிரப்பிவிட்டால் ஈரக்காற்று தங்க இடமிருக்காது. அந்தக் கடைசி நிரப்புதலுக்கு மட்டும் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கக்கூடிய ஈ10 வேண்டாம். எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது, ஆகையால் 5 சதவீதத்துக்கு மேற்படாத சூப்பர் பிளஸ் வகைப் பெட்ரோல் போதும். கண்ணாடி கழுவும் தொட்டியில் கோடைக்காலத் திரவம் இருந்தால் உறையாத குளிர்காலத் திரவத்தை ஊற்றுங்கள். கூலன்ட்டின் உறைநிலையை எந்தப் பணிமனையிலும் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

காரைக் கழுவியதும் அப்படியே உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள். பிரேக் வட்டுகளும் துணிக் கூரையும் உலர்வதற்கு மறுபடி ஒரு சுற்று ஓட்டுவது அவசியம். கூரையை மூடிய நிலையிலேயே விடுங்கள். ஐந்து மாதம் மடிந்து கிடக்கும் துணியில் மடிப்புத் தடம் நிலைத்துவிடும், ஈரம் இருந்தால் பூஞ்சையும் பிடிக்கும். கூரைக்குப் பின்னால் இருபுறமும் உள்ள நீர் வடிகால் துளைகளில் இலைச்சருகு சேர்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். முந்தைய 986 வகையில் இந்தத் துளைகள் அடைத்துக்கொண்டு, மழைநீர் இருக்கைக்கு அடியிலுள்ள மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை நனைத்துப் பெருஞ்செலவு வைத்தது பலருக்குத் தெரிந்த துன்பம். 987-லும் இந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன்.

கதவுக் கண்ணாடிகளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்தக் கார்க் கதவுகளில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்தவுடன் கண்ணாடி சில மில்லிமீட்டர் கீழிறங்கி, ரப்பர் பட்டையிலிருந்து விடுபட்ட பிறகுதான் கதவு திறக்கிறது. பேட்டரி இல்லாதபோது அது இறங்காது. அந்த நிலையில் வலிந்து திறந்தால் ரப்பர் பட்டை கிழியலாம், கண்ணாடிக்கும் சேதம் வரலாம். எனவே பேட்டரியைக் கழற்றும் முன் இரண்டு கண்ணாடிகளையும் இரண்டு விரற்கடை அளவு இறக்கிவிட்டு, எலி புகாதபடி அந்த இடைவெளியில் ஒரு துணியைச் செருகி வைக்கிறேன்.

டயர்களில் காற்றை வழக்கத்தைவிடக் கூடுதலாக, 3 பார் அளவுக்கு, டயரின் பக்கச்சுவரில் குறித்துள்ள உச்ச அளவைத் தாண்டாமல் ஏற்றுங்கள். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்பதால் அடிப்பகுதி தட்டையாவதை இது பெருமளவு தடுக்கும். ஹேண்ட்பிரேக் வேண்டாம். இந்தக் காரில் அது பின்சக்கர வட்டுகளுக்குள் இருக்கும் சிறிய டிரம்மில் வேலை செய்கிறது. ஈரத்தில் அதன் பட்டைகள் ஒட்டிக்கொண்டால் வசந்தத்தில் சக்கரம் சுழலாது. முதல் கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தால் போதும். தானியங்கி கியராக இருந்தால், மின்சாரம் இல்லாமல் நிறுத்த நிலையிலிருந்து நெம்புகோல் சாதாரணமாக விடுபடாது, காரைத் தள்ளி நகர்த்த முடியாது என்பதை எண்ணி, இடத்தைச் சரியாகத் தேர்ந்து நிறுத்துங்கள். இன்ஜின் சாவியையும் முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுங்கள்.

இனிக் கழற்றும் வேலை. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. டிக்கியைத் திறந்து, காரின் முன் கண்ணாடியை ஒட்டிய பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் பேட்டரி தெரியும். சாவியை எடுத்த பிறகு கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அடங்குவதற்குச் சில நிமிடங்கள் பொறுத்திருந்து, 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் முதலில் எதிர்முனையைத் தளர்த்தி எடுங்கள். நேர்முனை அதற்குப் பிறகுதான். காரின் உடல் முழுவதுமே எதிர்முனையோடு சேர்ந்தது. நேர்முனையை முதலில் தளர்த்தும்போது ஸ்பேனரின் மறுமுனை உடலில் எங்காவது பட்டால், பேட்டரியின் முழு ஆற்றலும் அந்த ஸ்பேனர் வழியே பாயும். அதனால்தான் இந்த வரிசை. வாயு வெளியேறும் சிறு குழாய் ஒன்று பேட்டரியின் பக்கத்தில் செருகியிருக்கும். அதை மென்மையாக உருவி, மறுபடி பொருத்த மறக்காதபடி கண்ணில் படுமாறு வையுங்கள். அடியில் பிடித்திருக்கும் தகட்டின் திருகை எடுக்க 13 மில்லிமீட்டர் சாக்கெட்டுடன் நீளமான நீட்டிப்புத் தண்டும் தேவைப்படும். பேட்டரி ஏறக்குறைய 20 கிலோ. குனிந்து, கையை நீட்டித் தூக்க வேண்டிய இடத்தில் இருப்பதால் இடுப்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். எப்போதும் நிமிர்ந்த நிலையிலேயே தூக்குங்கள்.

வீட்டில் வைக்க வேண்டிய இடம் வரவேற்பறை அல்ல, நிலவறைதான். ஈய-அமில பேட்டரி சும்மா இருக்கும்போதும் தானாகவே மின்னேற்றத்தை இழக்கும். வெப்பம் கூடக்கூட அந்த இழப்பு வேகமாகும். ஆகவே உறையாத குளிர்ச்சியான அறையே அதற்கு ஏற்றது. கான்கிரீட் தரையில் வைத்தால் பேட்டரி வெறுமையாகிவிடும் என்று இன்றும் சொல்லக் கேட்கிறேன். ஓடுகள் மரத்தாலும் கெட்டி ரப்பராலும் செய்யப்பட்ட காலத்தின் பேச்சு அது. இன்றைய பாலிபுரொப்பிலீன் ஓட்டுக்குத் தரை எதுவானாலும் ஒன்றுதான். கொண்டுவந்த அன்றே முழுமையாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்ந்த பின் மல்டிமீட்டரால் அளந்து எழுதி வையுங்கள். 12.7 வோல்ட் அளவில் இருந்தால் நல்ல நிலை. மாதம் ஒருமுறை அளந்து, 12.5-க்குக் கீழே வந்தால் மறுபடி ஏற்றுங்கள், 12.4-க்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரியின் மேல் ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) என்று எழுதியிருந்தால் சார்ஜரையும் அந்த முறைக்கு மாற்றிவிடுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரக்கூடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடிய வாயு அது. எனவே சன்னல் திறந்திருக்கட்டும், சார்ஜரின் பிடிகளைப் பொருத்தும்போதும் எடுக்கும்போதும் சுவர் பிளக் அணைந்திருக்கட்டும்.

பேட்டரியைக் கழற்றியதால் வரும் ஒரு மறைமுக நன்மை, நடுக்குளிரில் 'சும்மா ஐந்து நிமிடம் ஓடவிடலாம்' என்ற ஆசை எழாது என்பது. இன்ஜினுக்கு அதைவிடக் கெடுதலானவை குறைவு. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீர், முழுச் சூடு ஏறாத ஆயிலிலும் புகைபோக்கியிலும் தங்கி அரிக்கத் தொடங்கும். கார் பேசாமல் நிற்கட்டும். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும். பார்க்க வேண்டியது எலியின் தடயத்தைத்தான்: புழுக்கைகள், கடித்த பஞ்சு, இருக்கைக்கு அடியில் சேர்த்து வைத்த விதைகள். ஜெர்மனியில் மார்டர் என்ற மரநாய் வகை விலங்கு கார்களின் ரப்பர்க் குழாய்களைக் கடிப்பது எல்லோரும் அறிந்ததுதான். பாக்ஸ்டரில் இன்ஜின் நடுவில் மூடி மறைந்திருப்பதால், கடித்தது எளிதில் கண்ணில் படாது. காரின் அடியில் ஈரத்துளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எலி புகாதபடி புகைபோக்கி வாயில் எஃகுக் கம்பிப் பஞ்சு செருகுபவர்கள், ஸ்டார்ட் செய்யும் முன் அதை எடுக்க மறக்காதபடி ஸ்டியரிங்கில் ஒரு தாளை ஒட்டி எழுதி வைக்க வேண்டும். மேலே போர்த்துவது காற்றுப் போகும் துணி உறையாகவே இருக்கட்டும்; பிளாஸ்டிக் தாள் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

வசந்தத்தில் எல்லாம் தலைகீழ் வரிசை: நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில், வாயுக் குழாய் மறவாமல். பூட்டிய நிலையில் பேட்டரியை எடுத்திருந்தால் இணைத்தவுடன் எச்சரிக்கை ஒலிக்கும். ரிமோட்டால் திறந்தால் நிற்கும். பிஎஸ்எம் என்னும் நிலைப்புக் கட்டுப்பாட்டு விளக்கு எரிந்து, பழுது என்று எழுத்தும் தோன்றும்போது பதற வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சில முறை திருப்பி, கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் அது அணைந்துவிடும். கதவுக் கண்ணாடிகள் தங்கள் மேல் எல்லையை மறந்திருக்கும். கையேட்டில் உள்ளபடி, முழுமையாக மேலேற்றி பொத்தானை மறுபடி ஒருமுறை இழுத்துக் கற்பித்துவிடுங்கள். டயர்க் காற்றை வழக்கமான அளவுக்கு இறக்குங்கள். முதல் சில பிரேக்குகளில் கேட்கும் உரசல் வட்டுகளின் மேலுள்ள மெல்லிய துருவின் ஓசை. சில கிலோமீட்டரில் அது போய்விடும். போகவில்லையென்றால் பணிமனையில் காட்டுங்கள்.

சோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எண் பலகையின் காலத்துக்கு வெளியே காரைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது, தெருவோரம் நிறுத்தவும் கூடாது. அக்டோபர் 31 இரவுக்குள் அது தனியார் இடத்துக்குள் வந்துவிட வேண்டும். ஜனவரியில் வரும் சோதனைக்காக நீங்கள் அபராதம் கட்ட வேண்டியதில்லை, ஏனெனில் காலத்துக்கு வெளியே விழும் சோதனையை அடுத்த பருவத்தின் முதல் மாதத்தில், அதாவது ஏப்ரலில், செய்துகொள்ளச் சட்டமே இடமளிக்கிறது. ஆனால் ஏப்ரல் 1-ஆம் தேதிக்கே நேரம் வாங்கிவிடாதீர்கள். பேட்டரி கழற்றியிருந்ததால் இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டி தான் கற்றிருந்த அளவுகளை இழந்திருக்கலாம். புகை தொடர்பான தன்னாய்வுகளை அது முடிக்கக் குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்த சில ஓட்டங்களும், நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஒரு நீண்ட ஓட்டமும் வேண்டும். மாதத்தின் நடுவில் நேரம் வாங்கினால் அதற்குள் அது முடிந்திருக்கும்.